ரத்தினம்மாள் போட்ட ஊசி

என் அக்கா ரத்தினம்மாளைப் பற்றித் திருத்தணியில் யாரைக் கேட்டாலும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: புருஷனுக்கு ஊசி போட்டுக் கொன்றவள். அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. எனக்கு நேரம் இருக்கிறது. ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்று, அரக்கோணத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதனால் முழுவதையும் எழுதிவைக்கிறேன். இதில் என் பங்கும் உண்டு. அதை மறைக்கப்போவதில்லை.

அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவள். எங்கள் நைனா மணவூரில் தண்டவாளம் பார்க்கும் வேலையில் இருந்தார். அக்காவை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த மூன்று வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ அதை ஒரு எழுத்து விடாமல் வைத்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். பதினாறு வயதில் அவளைத் திருத்தணி மலையடிவாரத்தில் காவடிக் கடை வைத்திருந்த கங்காதரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நான் அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். மூங்கிலை வளைத்து, மயிற்பீலி வைத்து, பட்டுத்துணி சுற்றிக் காவடி கட்டுவதில் அவருக்கு நல்ல பெயர். நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்துத் தெலுங்கு ஜனங்கள் அவர் கடையைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் இவர்கள் இரண்டு பேரும், பாவாவின் விதவை அக்கா தாயாரம்மாளும்தான்.

பாவாவுக்கு ஒரு மனக்குறை உண்டு. வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் தானும் ஒரு காவடி எடுப்பார். பத்தொன்பது வருஷம் எடுத்தும் ஒரு தடவைகூட அவருக்குச் சாமி வந்ததில்லை. அவர் கட்டிக்கொடுத்த காவடியைத் தோளில் வைத்த மாத்திரத்தில் எவனெவனுக்கோ வரும். முந்தின நாள் கள்ளுக்கடையில் புரண்டவனுக்கு வரும். இவர் மட்டும் புத்தி தெளிந்தபடியே முந்நூற்றுச் சொச்சம் படியும் ஏறி, காவடியை இறக்கிவிட்டு, கால்வலியோடு வீடு திரும்புவார்.

"எல்லாம் என் கையால கட்டன காவடி. என்னை மட்டும் முருகன் கண்டுக்க மாட்டேன்றான்" என்பார்.

"கடைக்காரன்கிட்ட எந்தச் சாமி வரும். வந்தா ஒரு காவடி வாங்கிகினு போன்னுவீங்க" என்பாள் அக்கா.

அவர் சிரிக்கமாட்டார். அந்த விஷயத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. நாங்கள்தான் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டோம்.

1941 தை மாதத்தில் அவருக்குச் சர்க்கரை வியாதி கண்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தார். ஆவாரம்பூ, நாவல்கொட்டை எல்லாம் பார்த்துவிட்டு, நான் அவரையும் அக்காவையும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி, ஆயுசு முழுக்க நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். வீட்டில் யார் போடுவார்கள் என்று கேட்டார். பாவா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் போடறேங்க" என்றாள் அக்கா.

பன்னிரண்டு நாள் அந்த வார்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். முதலில் கத்தரிக்காயில் குத்திப் பழகினாள். பிறகு ஒரு நர்சம்மா கேலியாக, கத்தரிக்காய்க்கு வலிக்காதே என்றதும், கொதித்து ஆறிய தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்துத் தன் தொடையிலேயே குத்திக்கொண்டாள். அதற்கப்புறம்தான் புருஷன்மேல் கை வைத்தாள். சிரிஞ்சில் இருக்கும் கோடுகளை அவள் படித்த வேகத்தைப் பார்த்து டாக்டரே அவளை எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார்.

திரும்பி வரும்போது ஒரு தகரப் பெட்டி நிறையச் சாமான் வந்தது. இரண்டு கண்ணாடிச் சிரிஞ்சு, ஆறு ஊசி, ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு கண்ணாடிக் குழாய், பெரிய புட்டியில் நீல மருந்து. நீல மருந்தைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்கவைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறி, முற்றிப்போனால் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். இன்சுலின் புட்டி சூடு தாங்காது. புதுப்பானையில் ஈரமணல் போட்டு, அதில் புதைத்து, தினம் தண்ணீர் தெளிப்பாள் அக்கா. ரத்தம் பட்ட ஊசியைச் சமையல் அடுப்பில் வேகவைத்தால் தீட்டு என்று தாயாரம்மாள் சொல்லிவிட்டாள். அதனால் கொல்லையில் மூன்று செங்கல் வைத்து, மழையானாலும் வெயிலானாலும் அங்கேதான் காய்ச்சினாள். அதற்காக அவள் முணுமுணுத்ததில்லை. முணுமுணுத்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

டாக்டர் ஒன்றை மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பாடு உள்ளே போய்விட வேண்டும். போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். வேர்வை கொட்டும், உடம்பு நடுங்கும், ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவார். அந்த நிமிஷமே வெல்லமோ சர்க்கரையோ வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் உயிர் போய்விடும். அன்றிலிருந்து அக்காவின் முந்தானையில் ஒரு துண்டு வெல்லம் முடிந்தே இருந்தது. சர்க்கரை வியாதிக்காரன் பெண்டாட்டி வெல்லத்தை முடிந்துகொண்டு திரிகிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தலையெழுத்தும் இல்லை.

மருந்து வாங்கிவருவது என் வேலை. நான் அரக்கோணத்தில் பார்சல் ஆபீசில் இருந்தேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பட்டணம் போய், சண்டைக்காலத்துக் கூட்ட வண்டியில் புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவேன். மழுங்கின ஊசிகளை எடுத்துப்போய், லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்த மெஹபூப் பாஷாவிடம் கொடுப்பேன். எண்ணெய்க் கல்லில் தேய்த்து, தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். 1942 சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டார். ஐந்து நாள் மருந்து இல்லை. பாவா வாடின கீரையாகக் கிடந்தார். ஆறாம் நாள் நான் எப்படியோ காஞ்சீபுரத்தில் ஒரு புட்டி பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்து மூங்கில் சீவினார். ஊசி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டில் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். தாயாரம்மாளும் பார்த்தாள்.

அந்த வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அக்கா அவரைக் காவடி எடுக்க விடவில்லை. மூன்றாவது வருஷம், 1943-ல், எடுத்தே தீருவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

"ரெண்டு வருஷம் உன் பேச்ச கேட்டேன். இந்த வருஷம் கேக்கமாட்டேன்."

"எடுங்க. ஆனா காலம்பற ஊசி போட்டுகினு, வயிறு ரொம்பச் சாப்ட்டுத்தான் எடுக்கணும்."

"சரி" என்றார்.

காவடி எடுப்பவன் அதை மலைமேல் இறக்கிவைக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது ஊர் அறிந்த விஷயம். பாவா பெண்டாட்டிக்கும் சரி என்றார், முருகனுக்கும் சரி என்றார். அன்று காலை ஏழு மணிக்கு அக்கா ஊசி போட்டாள். இலை நிறையப் பொங்கல் வைத்தாள். காவடிக் குடத்துக்குப் பால் இன்னும் வரவில்லை, போய்ப் பார் என்று அவளை அனுப்பிவிட்டு, அவர் அந்தப் பொங்கலைக் கடைவாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பரதேசிக்குப் போட்டுவிட்டார். அக்கா வந்தபோது இலை காலியாக இருந்தது.

"பூராவும் சாப்ட்டீங்களா" என்று கேட்டாள்.

"ஆங்" என்றார்.

இருபத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவர் அவளிடம் சொன்ன ஒரே பொய் அது என்று அக்கா பின்னால் சொன்னாள். ஒன்று போதும் என்பது என் எண்ணம்.

எட்டரை மணிக்குப் படி ஏற ஆரம்பித்தோம். மஞ்சள் வேட்டியில் பாவா முன்னால், பம்பைக்காரர்கள் பக்கத்தில், பெண்கள் பின்னால். நான் பாவாவின் பின்னாலேயே போனேன். கூட்டத்தில் அக்கா முப்பது நாற்பது படி பின்தங்கிவிட்டாள். பாதிப் படி தாண்டியிருப்போம். பாவாவின் முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. கால் பின்னியது. தோளில் காவடி கிடுகிடுவென்று ஆடியது. திரும்பி என்னைப் பார்த்தார், ஆனால் நான் யார் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. வாயில் ஏதோ குழறினார்.

"கங்காதரனுக்குச் சாமி வந்துட்ச்சி" என்றார் யாரோ.

அவ்வளவுதான். பம்பை வேகம் பிடித்தது. அரோகரா என்று படியே அதிர்ந்தது. தாயாரம்மாள் ஓடிவந்து தம்பியின் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினாள். எங்கள் தெரு அன்னம்மாளின் மகன் சிங்கப்பூரில் சிப்பாயாக இருந்தான், ஒன்றரை வருஷமாகக் கடிதாசி இல்லை. அவள் பாவாவின் காலில் விழுந்து, "எம்புள்ள வருவானா, சொல்லு முருகா" என்று கேட்டாள். ஜனங்கள் பதிலுக்காக வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? புட்டியைப் பட்டணத்திலிருந்து தூக்கிவந்தவன், டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவன். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பத்தொன்பது வருஷ ஆசை நிறைவேறிவிட்டதே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. இதை எழுதும்போது என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். காலையில் அவர் சாப்பிடவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அது சாமி இல்ல. ஊசி. வெறும் வயித்துல இருக்காரு. வழி வுடுங்க."

"இன்னாடி பேச்சு இது" என்று தாயாரம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "சாமி நிக்கிது. வெரதத்த முறிக்காத."

"உங்க தம்பி செத்துப் போவாரு அண்ணி. கைய வுடுங்க."

தாயாரம்மாள் விடவில்லை. அக்கா அவள் கையைக் கடித்தாள். விடுவித்துக்கொண்டு போய், முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, வெல்லத்தை அவர் வாய்க்குள் திணித்து, தாடையைப் பிடித்துக்கொண்டாள். காவடி சரிந்து படியில் விழுந்தது, பால்குடம் கவிழ்ந்தது. கூட்டத்தில் யாரோ அவள் முதுகில் அடித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தொண்டை ஏறி இறங்குகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரத்தில் பாவாவுக்குத் தெளிந்தது. என்ன நடந்தது என்று கேட்டார். பத்துப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: உனக்குச் சாமி வந்தது, உன் பெண்டாட்டி விரட்டிவிட்டாள். அன்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளையைப் பற்றி முருகன் வாய் திறக்கும் நேரத்தில் அந்த வாயை அடைத்துவிட்டாளே என்று அவளுக்கு ஆற்றாமை.

பாவா அக்காவைத் திட்டவில்லை. உடைந்த காவடியைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் அக்கா வழக்கம்போல நீல மருந்தைக் காய்ச்சிப் பார்த்தாள். வியாதி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, கொதித்தபிறகும் அது நீலமாகவே இருந்தது. பாவா குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாத்தியா. போயிட்ச்சி."

"காலம்பற ஊசி போட்டுகினு நீங்க ஒண்ணும் சாப்டல. அதான் நீலமா இருக்குது. நாளைக்கிப் பாருங்க, மாறிடும்."

"சாமி வந்த ஒடம்புல வியாதி நிக்காது. நீ சொல்றத நான் இன்னாத்துக்கு நம்பணும். உன் கொழாயே சொல்லுது."

குழாயைத் தரையில் போட்டு உடைத்தார். இனி ஊசி வேண்டாம் என்றார்.

அக்கா அதற்கப்புறமும் தினம் இரண்டு வேளை கொல்லையில் சிரிஞ்சைக் காய்ச்சி எடுத்துவந்து அவர் எதிரில் வைப்பாள். அவர் எழுந்து கடைக்குப் போய்விடுவார். கடையில் இப்போது கூட்டம். சாமி வந்தவர் கையால் காவடி வாங்க ஜனங்கள் வந்தார்கள், விபூதி கேட்டார்கள். அவரும் கொடுத்தார். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. ஒரு வாரத்திலேயே மறுபடி தாகம் பிடித்தது. கொல்லையில் அவர் ஒதுங்கும் இடத்தில் எறும்பு மொய்த்தது. அக்கா அதைக் காட்டினாள். ஆடி மாதத்தில் எறும்பு வரத்தான் செய்யும் என்றாள் தாயாரம்மாள். ஊர்க் கம்பவுண்டரிடம் போய், வீட்டுக்கு வந்து பாவாவிடம் எடுத்துச் சொல்லும்படி கேட்டாள் அக்கா. சாமி விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஒரு மத்தியானம் பாவா தூங்கும்போது ஊசியைப் போட்டுவிடலாம் என்று பார்த்தாள். அவர் விழித்துத் துள்ளியதில் ஊசி முறிந்தது. அன்று அவளை அடித்தார். அதற்கு முன்னால் அடித்ததில்லை.

பத்தாம் நாள் நான் புது இன்சுலின் புட்டியோடு போனேன்.

"நீயாவது சொல்லு தம்பி. நீ சொன்னா கேப்பாரு" என்றாள் அக்கா.

போய்ப் பாவாவின் எதிரில் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பக்கத்துலதான இருந்த துளசிங்கம். நீயே பாத்த இல்ல" என்றார். நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஒருவேளை உண்மையாகவே குணமாகியிருந்தால் இந்தப் பட்டண அலைச்சல் நமக்கு மிச்சம் என்று ஒரு எண்ணம் எனக்குள் ஓடியது. அதுதான் நிஜம். புட்டியை ஈரமணலில் புதைத்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. மூச்சு ஆழமாக, சத்தமாக வந்தது. அழுகின பழவாடை அடித்தது. தட்டி எழுப்பினால் கண் திறக்கவில்லை. இனி வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை. அக்கா சிரிஞ்சைக் காய்ச்சி இன்சுலின் ஏற்றினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜட்கா வண்டிக்கு ஆள் அனுப்பி, எனக்கும் தந்தி கொடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஊசி போட்டாள். தாயாரம்மாளும், அவள் அழுகையைக் கேட்டு வந்த தெரு ஜனங்களும் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜட்கா வந்து சேர்வதற்குள் போய்விட்டார். நான் போனபோது சிரிஞ்சு அவள் கையிலேயே இருந்தது.

மூன்று வாரம் ஊசியில்லாமல் நன்றாக இருந்தவர், நினைவில்லாத நேரத்தில் குத்தினாள், செத்தார். ஊர் பார்த்தது அதுதான். பார்த்ததைத்தான் பேசினார்கள். என் அக்கா பார்த்ததைக் கேட்க ஒருவரும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெருவே கூடியிருந்தது. அக்கா தாலி கழற்றிய கழுத்தோடு சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். தாயாரம்மாள் எல்லோர் எதிரிலும் என்னைக் கேட்டாள்.

"தம்பி, நீ படிச்சவன். கூடவே இருந்தவன். அன்னிக்கி படியில வந்தது சாமியா, இல்லியா. நீயே சொல்லிடு."

அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். சாமி இல்லை, ஊசியால் வந்த நடுக்கம் என்றால், அப்போ அன்றைக்கே கொல்லப் பார்த்தாளா என்பார்கள். சாமிதான் என்றால், சாமியை விரட்டிய பாவம் அவள் தலையில். இப்படி இரண்டு பக்கமும் யோசித்துத்தான் பதில் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பின்னால் கட்டிக்கொண்ட சமாதானம். அறுபது எழுபது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

"சாமிதான்" என்றேன்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மத்தியானம் நான் கிளம்பும்போது, துக்கக்காரி வாசல் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் மீறித் தெருமுனைவரை வந்தாள். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"நீ சொன்னதுல தப்பு இல்ல தம்பி. அன்னிக்கி படியிலேயே சும்மா வுட்டிருந்தா, சாமியாவே போயிருப்பாரு. ஊரே வுழுந்து கும்பிட்டிருக்கும், சாமி பொண்டாட்டின்னு என்னையும் சேத்து. நான்தான் இன்னும் இருவத்தி மூணு நாளு உசுரோட வச்சிகினு இருந்தேன். அந்த இருவத்தி மூணு நாளுக்குத்தான் எனக்குக் கொலகாரின்னு பேரு."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி சரியான நேரத்துக்கு வந்தது.